இடுப்பில் மடியும் கார்செட் பாடிஸ்: போனிங் கூட்டினால் சரியாகுமா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டது இப்படி. மகளின் கல்லூரி நாடகத்தில் 18-ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சுக் கிராமத்துப் பெண் வேஷம். ப்ளவுஸ் தைத்துப் பழகியவர் என்பதால், கையில் இருந்த கிராஸ் கட் ப்ளவுஸ் பேட்டர்னையே இடுப்புக்குக் கீழ்வரை நீட்டி, சாட்டினில் வெட்டி, வழக்கமான ப்ளவுஸ் லைனிங் கொடுத்து, பிளாஸ்டிக் போனிங் டேப் (துணியை விறைப்பாக நிறுத்தும் பட்டை) எட்டுத் துண்டு சொருகி, முன்பக்கம் கயிறு கட்டுகிற மாதிரி ஒரு கார்செட் பாடிஸ், அதாவது உடம்பை இறுக்கிப் பிடிக்கும் மேலுடை, தைத்துவிட்டீர்கள். இறுக்கிக் கட்டினால் இடுப்பில் அடுக்கடுக்காக மடிகிறது, மேல் விளிம்பு உடம்பைவிட்டு விலகி நிற்கிறது, போனிங் வளைந்தது வளைந்தபடியே இருக்கிறது. "இன்னும் எத்தனை போனிங் போடணும், ஸ்டீல் வாங்கணுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். எண்ணிக்கை சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம், ஆனால் பதினாறு போட்டாலும் இந்தப் பாடிஸ் மடியத்தான் செய்யும். நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது அது ஏன் மடிகிறது என்பது.

பேட்டர்ன் கட்டிங் படித்து, மேடை நாடகங்களுக்கு உடை தைப்பதே தொழிலாக வைத்திருக்கிறேன். புதிதாகக் கார்செட் தைக்க வருகிறவர்கள் எல்லாரும் முதலில் போனிங்கைப் பற்றித்தான் கேட்பார்கள். உருவத்தைக் கொடுப்பது துணியும் வெட்டும். போனிங்கின் வேலை, இறுக்கிக் கட்டும்போது அந்தத் துணி மேலிருந்து கீழாகச் சுருங்கிவிடாமல் நிமிர்த்திப் பிடிப்பது, அவ்வளவுதான். பந்தல் துணியைக் கோணலாகத் தைத்துவிட்டு இன்னும் நாலு கால் நட்டால் என்ன ஆகும், அதுதான் உங்கள் பாடிஸில் நடக்கும். இதற்கு ஒரு விலக்கு உண்டு. 18-ஆம் நூற்றாண்டில் மேல்தட்டுப் பெண்கள் போட்டவற்றில் சிலது இடைவெளியே இல்லாமல் பக்கத்தில் பக்கத்தில் போனிங் வைத்துத் தைத்தவை. அவற்றில் உடம்பைக் கூம்பு மாதிரி நிமிர்த்துவதில் போனிங்குக்கும் பங்கு இருந்தது. அப்போதும் அளவாக வெட்டிய, இழுத்தால் நீளாத கெட்டித் துணி அடியில் இருந்ததால்தான் அது நின்றது.

உங்கள் விஷயத்தில் முதல் சந்தேகம் எனக்கு அந்தக் கிராஸ் கட் பேட்டர்ன் மேல். கிராஸ் கட் ப்ளவுஸில் முன்பாகத்தைத் துணியின் மூலைவாட்டில் வெட்டுகிறோம். காரணம், மூலைவாட்டில் துணி இழுபடும், மார்பின் வளைவுக்குத் தானாக ஒட்டிக்கொள்ளும். ப்ளவுஸுக்கு அது வரம். கார்செட்டுக்கு அதுவே எமன். கயிற்றை இறுக்கும்போது ஒரு இன்ச் இழுத்தால் துணி ஒரு இன்ச் நீண்டு கொடுக்கும், உடம்பு அசையவே அசையாது. நீண்ட துணிக்குப் போக இடம் இல்லாமல் இடுப்பில் மடியும். கார்செட் பாடிஸின் ஒவ்வொரு துண்டும் நேர் இழையில் இருக்க வேண்டும், அதாவது துணியின் கரைக்கு இணையான நூல் ஒவ்வொரு துண்டிலும் இடுப்புக் கோட்டுக்குச் செங்குத்தாக ஓட வேண்டும். பேட்டர்ன் பேப்பரில் ஒவ்வொரு துண்டின் மேலும் அந்தக் கோட்டைப் போட்டுவிட்டு, துணியில் வைக்கும்போது கரையிலிருந்து அந்தக் கோட்டின் இரண்டு முனைக்கும் டேப் வைத்து அளந்து பாருங்கள். இரண்டும் ஒரே அளவு வராவிட்டால் அந்தத் துண்டு பின்னால் கட்டாயம் முறுக்கிக்கொள்ளும்.

இரண்டாவது, நீளம். சேலை ப்ளவுஸ் மார்புக்குக் கீழே கொஞ்ச தூரத்திலேயே முடிந்துவிடும், இடுப்பு என்ற பேச்சே அதில் கிடையாது. அதை அப்படியே கீழே நீட்டும்போது, பேட்டர்னில் மிகக் குறுகலான இடம் எங்கே வருகிறது, உங்கள் பெண்ணின் உடம்பில் எங்கே இருக்கிறது என்பது இரண்டும் ஒன்றாக இருக்க வாய்ப்புக் குறைவு. அரை இன்ச் தள்ளி இருந்தாலே போதும், பாடிஸ் தன் குறுகலான இடத்தைத் தேடி மேலேயோ கீழேயோ நகரும், நகர்ந்த துணி மடியும். இதைச் சரிபார்ப்பது எளிது. ஒரு நாடாவை இடுப்பில் கட்டிவிட்டுப் பெண்ணைப் பக்கவாட்டில் இரண்டு பக்கமும் குனிந்து நிமிரச் சொல்லுங்கள், நாடா போய் உட்காரும் இடம்தான் இடுப்பு. அங்கிருந்து மேலே மார்புக்கு அடிவரை, அக்குள்வரை, பின்பக்கம் தோள்பட்டை எலும்புவரை அளந்துகொள்ளுங்கள். அப்புறம் அவளை நாற்காலியில் உட்காரவைத்து, இடுப்பு நாடாவிலிருந்து தொடைவரை முன்பக்க நீளத்தை அளந்துகொள்ளுங்கள். இந்தக் கடைசி அளவை யாரும் எடுப்பதில்லை. முன்பக்கப் போனிங் அதைவிட நீளமாக இருந்தால், உட்காரும்போது அது தொடையில் இடித்து மொத்தப் பாடிஸையும் மேலே தள்ளும், மேல் விளிம்பு மார்பைவிட்டு எழும்பும்.

மூன்றாவது, டார்ட், அதாவது வளைவுக்காகத் துணியை மடித்துப் பிடிக்கும் தையல். ப்ளவுஸில் மார்பைக் கிண்ணம் மாதிரி உருண்டையாகக் காட்ட டார்ட்டோ, கட்டோரி என்கிற கிண்ணத் துண்டோ வைக்கிறோம். 18-ஆம் நூற்றாண்டு உருவம் அதற்கு நேர் எதிர்: முன்பக்கம் தட்டையாக, மார்பைக் கீழிருந்து தூக்கி, தோளிலிருந்து இடுப்புவரை கூம்பாக இறங்கும். அதனால் முன் துண்டில் வளைவே இருக்கக் கூடாது, கிட்டத்தட்ட நேர்க்கோடு. வளைவு முழுக்கப் பக்கத் தையலிலும் அதற்குப் பின்னால் உள்ள தையலிலும் போக வேண்டும். மணற்கடிகை மாதிரி மார்பும் இடுப்பும் வளைந்து நிற்கிற கார்செட் 19-ஆம் நூற்றாண்டு விக்டோரியா காலத்துடையது, அதன் வெட்டே வேறு. நெட்டில் கிடைக்கும் பேட்டர்ன்களில் பாதி இந்த இரண்டையும் குழப்பிவைத்தவை, பார்த்து எடுங்கள்.

கணக்கு எப்படிப் போடுவது என்று ஒரு உதாரணம் சொல்கிறேன், அளவுகளை உங்கள் பெண்ணுக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள். மார்பு 34, இடுப்பு 28 என்று வைப்போம். மேடைக்கு இடுப்பை ஒரு இன்ச் இறுக்கினால் போதும், ஆக 27. முன்பக்கம் கயிறு கட்டும் இடத்தில் 2 இன்ச் திறந்திருக்கும், அதைக் கழித்தால் இடுப்பில் துணி 25, மார்பில் 32. பாதிக்கு 12½, 16. வித்தியாசம் 3½ இன்ச். ஒரு பாதிக்கு 4 துண்டு, பின் நடுவில் தையல் இல்லாமல் மடிப்பு என்றால் நடுவே 3 தையல் வரும். இந்த 3½ இன்ச்சை மூன்று தையலுக்கும் சமமாகப் பிரித்துவிடாதீர்கள். முன் தையலில் அரை இன்ச் எடுத்தாலே அதிகம், மீதியைப் பக்கத்திலும் பின்பக்கத்திலும் எடுங்கள். இடுப்புக்குக் கீழே பாடிஸை ஒரே துண்டாக விடாமல், இடுப்புக் கோடுவரை வெட்டி நாலு விரல் அகல நாக்குகளாகப் பிரித்துவிட வேண்டும். அவை பாவாடைக்கு மேலோ அடியிலோ இடுப்பெலும்பின் மேல் விரிந்து உட்காரும். அந்தக் காலத்தில் அப்படித்தான் செய்தார்கள். நீங்கள் வெட்டாமல் விட்டிருந்தால், அடிப்பாகம் இடுப்பெலும்பில் இறுகிப் பாடிஸை மேலே ஏற்றிவிடும், அதுவும் உங்கள் மடிப்புகளில் ஒரு பங்காக இருக்கலாம். நீங்கள் எழுதியதை மட்டும் வைத்து எந்தக் காரணத்துக்கு எவ்வளவு பங்கு என்று பிரித்துச் சொல்ல முடியாது. கிராஸ் வெட்டு தவறு என்பதில் மட்டும் சந்தேகமே இல்லை.

இப்போது ட்ரையல். சாட்டினைத் தொடுவதற்கு முன் காடாத் துணியில் ஒன்று தைத்தே ஆக வேண்டும், இதில் குறுக்குவழி கிடையாது. ப்ளவுஸுக்கு ஊசி குத்திப் பார்ப்பது மாதிரி இங்கே பார்க்க முடியாது, ட்ரையலிலும் போனிங் இருக்க வேண்டும், கயிறும் இருக்க வேண்டும். போனிங்கை வெளிப்பக்கம் செல்லோடேப்பால் ஒட்டிவிட்டாலே போதும். கயிறு கட்டும் விளிம்பில் ஐலெட்டுக்கு (கயிறு நுழைக்கும் துளைக்கு அடிக்கிற உலோக வளையம்) பதில் ஒரு பழைய துண்டுத் துணியில் துளை போட்டுத் தைத்து வைத்துக்கொண்டால், அதையே ஒவ்வொரு ட்ரையலுக்கும் மாற்றி மாற்றி வைக்கலாம். கட்டி முடித்தபின் பெண்ணின் முகத்தைப் பார்க்காதீர்கள், கயிற்றுக்கு நடுவே உள்ள இடைவெளியைப் பாருங்கள். பாதிக் கதையை அது சொல்லிவிடும். மேலிருந்து கீழ்வரை இரண்டு விளிம்பும் இணையாக நின்றால் அளவு சரி. மேலே சேர்ந்து கீழே விரிந்தால் அடிப்பாகம் சின்னது. கீழே சேர்ந்து மேலே விரிந்தால் மார்பில் துணி போதவில்லை. மேலும் கீழும் சேர்ந்து இடுப்பில் மட்டும் விரிந்தால் இடுப்பை அதிகமாகக் குறைத்துவிட்டீர்கள். இடுப்பில் சேர்ந்து இரண்டு முனையும் விரிந்தால் இடுப்பில் தேவைக்கு மேல் துணி இருக்கிறது, மார்பும் அடிப்பாகமும் இறுக்கம். மடிப்புகளும் அப்படித்தான், அவை ஓடும் திசையைப் பாருங்கள். படுக்கைவாட்டு மடிப்பு என்றால் உடம்பின் நீளத்தைவிடத் துணி அதிகம், அல்லது அடிப்பாகம் இறுகி மேலே ஏறுகிறது. சாய்வாக மார்பை நோக்கி ஓடினால் மார்பில் இடம் போதவில்லை. மேல் விளிம்பு மட்டும் எழும்பி நின்றால், தையல்களின் மேல் இரண்டு இன்ச்சில் மட்டும் ஊசி குத்தி உள்ளே எடுங்கள், கீழே தொட வேண்டாம். மாற்றியதை ட்ரையல் துணியிலேயே பேனாவால் குறித்து, தையலைப் பிரித்து, இஸ்திரி போட்டுவிட்டால் அதுதான் உங்கள் பேட்டர்ன்.

துணி விஷயத்துக்கு வருவோம். மேலே சாட்டின் இருக்கட்டும், நாடகத்தில் பளபளப்பு வேண்டும் என்றால் தவறில்லை, ஆனால் இழுவையைத் தாங்குவது அது கிடையாது. உள்ளே ஒரு கெட்டித் துணி வேண்டும். கார்செட்டுக்கென்றே நெய்யும் கூட்டில் என்ற பருத்தித் துணி மீன்முள் நெசவில் வரும், வெளிநாடுகளில் கிடைக்கிறது. ஒரு நாடகத்துக்காக அதை வரவழைக்கத் தேவையில்லை. யூனிஃபார்ம் பேன்ட்டுக்கு எடுக்கிற காட்டன் ட்ரில் அருமையாக வேலை செய்யும், எலாஸ்டிக் கலக்காத ஜீன்ஸ் துணியும் சரி. கடையில் நின்றே இரண்டு கையாலும் நீளவாட்டில், குறுக்குவாட்டில் இழுத்துப் பாருங்கள். எந்தப் பக்கமும் கொடுக்கக் கூடாது. வாங்கியதும் தண்ணீரில் நனைத்துக் காயவைத்து இஸ்திரி போட்டுவிட்டு வெட்டுங்கள். பக்ரம் (காலருக்குள் வைக்கிற விறைப்புத் துணி) வைத்தால் விறைப்பாக இருக்குமே என்று யாராவது சொல்வார்கள், வேண்டாம். கடையில் கிடைக்கிற பக்ரம் ஒரு முறை மடிந்தால் அந்தக் கோடு போகாது, வியர்வை பட்டால் தொய்ந்துவிடும். சாட்டினையும் ட்ரில்லையும் ஒவ்வொரு துண்டுக்கும் ஒன்றாகச் சேர்த்து ஓரத்தில் கை ஓட்டுத் தையல் போட்டு, அதன்பின் ஒரே துணியாக நினைத்துத் தையுங்கள். சேர்க்கும்போது மேஜையில் தட்டையாக வைக்காமல், ஒரு சுருட்டிய துண்டின் மேல் வளைத்து வைத்துக் குண்டூசி குத்த வேண்டும். வெளித்துணி வளைவைச் சுற்றிப் போவதால் அதற்கு ஒரு நூலளவு அதிக அகலம் தேவை. தட்டையாகச் சேர்த்தால் போட்டபின் உள்துணி சுருங்கி, வெளித்துணி இழுபட்டு நிற்கும். உள்பக்கம் லைனிங் தனியாகக் கடைசியில்.

இப்போது நீங்கள் கேட்ட போனிங். ப்ளவுஸுக்குப் போடுகிற மெல்லிய பிளாஸ்டிக் டேப் இந்த வேலைக்கு லாயக்கில்லை. உடம்புச் சூட்டில் அது இளகி, மடிந்த இடத்திலேயே நிலைத்துவிடும், உங்களுக்கு நடந்தது அதுதான். பழைய காலத்துத் திமிங்கிலப் போனிங்கும் சூட்டில் இளகி உடம்புக்கேற்ப வளைகிற பொருள்தான். அது எலும்பு இல்லை, சிலவகைத் திமிங்கிலத்தின் வாயில் சல்லடை மாதிரித் தொங்குகிற, நம் நகத்தின் ஜாதிப் பொருள். 1603-இல் இறந்த இங்கிலாந்து அரசி முதலாம் எலிசபெத்தின் இறுதிச் சடங்குப் பதுமைக்குத் தைத்த கார்செட், திமிங்கிலப் போனிங்கோடு இன்றும் லண்டனின் வெஸ்ட்மின்ஸ்டர் அபே தேவாலயத்தில் இருக்கிறது. வளைந்தாலும் முறியாமல் நின்று பிடிக்கிற பலம் அதற்கு இருந்தது, பிளாஸ்டிக் டேப்புக்கு அது இல்லை. உங்களுக்குச் சுலபமானது எலக்ட்ரிக் கடையில் கிடைக்கும் பெரிய கேபிள் டை, 8 அல்லது 9 மி.மீ. அகலமுள்ளது. தலையை வெட்டிவிட்டு, கத்தரிக்கோலால் அளவுக்கு நறுக்கி, முனையை வட்டமாக்கி நகத்தேய்ப்பானால் தேய்த்துவிடுங்கள், கூராக விட்டால் இரண்டு ஷோவுக்குள் துணியைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும். கட்டிலிருந்து எடுக்கும்போது அவை ஒரு பக்கம் வளைந்திருக்கும், மேலே துணி போட்டு மிதமான சூட்டில் இஸ்திரி தேய்த்தால் நேராகும். மேடை உடை தைக்கிறவர்களில் இதைச் சத்தியமாக நம்புகிறவர்களும் உண்டு, தொடவே மாட்டேன் என்கிறவர்களும் உண்டு. சில வாரம் ஓடுகிற நாடகத்துக்குத் தாராளமாகத் தாங்கும் என்பது என் கருத்து. வருடக்கணக்கில் போட வேண்டியது என்றால் ஸ்டீல்தான். ஸ்டீலில் பட்டையான ஸ்ப்ரிங் ஸ்டீல் முன்பின்னாக மட்டும் வளையும், நேரான தையலுக்கும் கயிற்று விளிம்புக்கும் அதுதான். சுருள் ஸ்டீல் பக்கவாட்டிலும் வளையும், வளைந்த தையலுக்கு அது. எண்ணிக்கை என்று கேட்டால், ஒவ்வொரு தையல் மேலும் ஒன்று, கயிற்றுத் துளைகளின் இரண்டு பக்கமும் ஒவ்வொன்று, பிறகு இரண்டரை இன்ச்சுக்கு மேல் வெறும் துணியாக எந்த இடம் இருந்தாலும் அங்கே ஒன்று. உங்கள் அளவுக்கு இது பன்னிரண்டு முதல் பதினாறுக்குள் வரும். நீளம் மேல் விளிம்பிலிருந்து கீழ் விளிம்புவரை உள்ளதைவிட அரை இன்ச் குறைவாக இருக்கட்டும், இல்லாவிட்டால் பட்டி தைக்கும்போது ஊசி முறியும். போனிங் போகிற குழாயின் அகலம் போனிங்கைவிட 2, 3 மி.மீ. மட்டுமே கூடுதலாக இருக்க வேண்டும். லூசாக இருந்தால் போனிங் உள்ளேயே திரும்பிக்கொள்ளும்.

தையல் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, உங்களுக்குத் தெரிந்த வேலை. வீட்டு மிஷின் போதும், 16-ஆம் நம்பர் ஊசி, பாலியெஸ்டர் நூல், தையல் நீளம் இரண்டிலிருந்து இரண்டரை மி.மீ. ஒவ்வொரு தையலையும் இரண்டு ஓட்டம் ஓட்டுங்கள். மார்ஜின் பக்கத் தையலில் ஒரு இன்ச் விடுங்கள். நாடக உடையில் இது பழக்கம், நடிகை மாறினால் பிரித்துப் பெரிதாக்கலாம். முக்கியமான ஒன்று மட்டும்: இடுப்புக் கோட்டில், உள்பக்கம், ஒரு இன்ச் அகல கெட்டி ரிப்பன் ஒன்றை ஒரு முன் விளிம்பிலிருந்து மறு முன் விளிம்புவரை ஓட்டி, ஒவ்வொரு தையலிலும் பிடித்துவிடுங்கள். கயிறு இழுக்கிற பாரம் முழுக்க அந்த ரிப்பனில் இறங்கும், தையல்கள் வாய் பிளக்காது. மேல் விளிம்புக்கும் நாக்குகளுக்கும் கிராஸ் பட்டி. துணியைக் கிராஸில் வெட்ட இந்த உடையில் இடம் இருக்கிறது என்றால் அது இங்கே மட்டும்தான்.

துளைகள். முன்பக்கம் கயிறு என்பதால் எல்லாரும் பார்க்கிற இடம், முதலில் பிய்கிற இடமும் அதுதான். துணியைப் பஞ்ச் வைத்து வெட்டித் துளை போடாதீர்கள், வெட்டிய நூல் ஒவ்வொன்றும் பலவீனம். குத்தூசியை எடுத்து, நூல்களுக்கு நடுவே மெதுவாகச் சுழற்றிச் சுழற்றிச் செலுத்துங்கள், நூல்கள் அறுபடாமல் விலகி வழிவிடும். ஊசியை எடுத்த உடனே துளை மூட ஆரம்பிக்கும், அதற்குள் இரட்டை நூலால் சுற்றி நெருக்கமாகத் தைக்க வேண்டும். பாதியில் மறுபடி குத்தூசியை விட்டு அகலப்படுத்திக்கொண்டு தொடருங்கள். மெல்லிய உலோக வளையம் ஒன்றை மேலே வைத்து அதையும் சேர்த்துச் சுற்றினால் இன்னும் பலம். 1820-களின் பிற்பகுதிவரை உலோக ஐலெட் என்பதே கிடையாது, எல்லாம் கைத்தையல்தான், ஆகவே உங்கள் நாடகத்தின் காலத்துக்கு இதுதான் பொருத்தமும். நேரமில்லை என்றால் பை தைக்கிறவர்களிடம் கொடுத்து அடிவளையத்தோடு சேர்ந்த இரண்டு பாக ஐலெட்டை அடித்து வாங்குங்கள், ஆடிட்டோரியத்தில் மூன்றாவது வரிசைக்கு மேல் யாருக்கும் தெரியாது. ஒற்றைப் பாக ஐலெட் வேண்டாம், பிய்ந்து வரும். இடைவெளி ஒரு இன்ச். அக்காலத்தில் ஒரே கயிற்றைக் கீழே முடிச்சுப் போட்டுச் சுருளாக மேலே ஏற்றுவார்கள், அதற்கு ஒரு பக்கத் துளைகள் மறுபக்கத்தைவிட அரை இன்ச் தள்ளி இருக்க வேண்டும். ஷூ லேஸ் மாதிரிக் குறுக்காகப் போடுவது பிந்தைய பழக்கம், ஆனால் சட்டென்று இறுக்கவும் அவிழ்க்கவும் அதுதான் வசதி. காட்சிக்கு நடுவே உடை மாற்ற வேண்டியிருந்தால் சரித்திரத்தை ஓரமாக வைத்துவிட்டுக் குறுக்குக் கட்டுக்குப் போங்கள்.

சரித்திரம் என்றதும் இன்னொன்று. அந்தக் காலத்துக் கிராமத்துப் பெண் வெள்ளை உள்ளாடைக்கு மேல் கார்செட்டும், பெரும்பாலும் அதற்கு மேல் ஒரு சட்டையும் போட்டிருப்பாள். வெறும் கார்செட்டோடு நிற்பது வேலை மும்முரத்திலோ வீட்டுக்குள்ளோதான். பளபளக்கிற பாடிஸை வெளியே தெரியக் கட்டுகிற உருவம் நம் மனதில் பதிந்ததற்குப் பின்னாளைய நாட்டுப்புற விழா உடைகளும் மேடையும்தான் முக்கியக் காரணம். அது தப்பு என்று டைரக்டரிடம் சண்டை போட வேண்டாம், ஆனால் சாட்டினுக்குப் பதில் பழுப்போ கருநீலமோ சாயமேற்றிய லினன் அல்லது கம்பளி மாதிரித் துணி போட்டால் கிராமத்துப் பெண்ணாக நம்ப வைப்பது இன்னும் சுலபம். இது என் ருசி, முடிவு உங்களுடையது.

உடம்பைப் பற்றி. விக்டோரியா காலத்தில் இடுப்பைச் சின்னதாக்க விலா எலும்பையே எடுத்தார்கள் என்று ஒரு கதை சுற்றுகிறது, அதற்கு நம்பகமான ஆதாரம் எதுவும் கிடையாது. அருங்காட்சியகக் கார்செட்டுகளின் இடுப்பு அளவைப் பார்த்து மலைக்கவும் வேண்டாம், அவற்றை விளிம்போடு விளிம்பு சேர்த்து அளக்கிறார்கள், போட்டவர்கள் பல நேரம் இடைவெளி விட்டுத்தான் கட்டினார்கள். அதற்காக இறுக்குவதில் ஆபத்தே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். மூச்சு வாங்கினாலோ, மரத்துப்போனாலோ, வலித்தாலோ உடனே அவிழ்க்க வேண்டும். ஆஸ்துமா, நெஞ்செரிச்சல், சமீபத்தில் வயிற்றில் ஆபரேஷன் என்று ஏதாவது இருந்தால் தையல்காரியிடம் கேட்காதீர்கள், டாக்டரிடம் கேளுங்கள். ட்ரையலை இறுக்கிக் கட்டிவிட்டு நாடகத்தில் அவளுக்குள்ள மிக நீளமான வசனத்தை மேடைக் குரலில் சொல்லவையுங்கள். நடுவே மூச்சு உடைந்தால் அரை இன்ச் தளர்த்துங்கள். உட்காரட்டும், கையைத் தலைக்கு மேல் தூக்கட்டும், தரையில் விழுந்த ஒன்றை எடுக்கட்டும். ஒத்திகையில் குறைந்தது ஒரு வாரமாவது இதைப் போட்டுப் பழக வேண்டும், முதல் ஷோ அன்று முதல் தடவையாகக் கட்டினால் அவள் வசனத்தை விட்டுவிட்டு விலாவைத்தான் நினைத்துக்கொண்டிருப்பாள்.

அடியில் ஒரு காட்டன் உள்சட்டை கட்டாயம், வியர்வை அதில் நிற்கும், அதைத் தினமும் துவைக்கலாம். பாடிஸைத் துவைக்க முடியாது. ஷோ முடிந்ததும் கயிற்றை முழுக்கத் தளர்த்தி, உள்பக்கம் வெளியே தெரிய ஃபேனுக்கு அடியில் விரித்துப் போடுங்கள், ஈரத்தோடு பெட்டியில் மடித்து வைத்தால் ஸ்டீல் துருப்பிடிக்கும், கேபிள் டையாக இருந்தால் மடிந்த கோணத்திலேயே நின்றுவிடும். நாற்றத்துக்கு நாடகக் கம்பெனிகள் செய்கிற பழைய தந்திரம், தண்ணீர் கலந்த வோட்காவை உள்பக்கம் ஸ்ப்ரே அடித்துக் காயவிடுவது. மணமில்லாத சாராயம் எதுவானாலும் சரி, ஆனால் சாட்டினில் கறை விழுகிறதா என்று ஒரு மூலையில் தெளித்துப் பார்த்துவிட்டு அடியுங்கள்.